வெறுங்கை

முதலில் வந்தவன் பெட்டியின் மர விளிம்பில் இரண்டு தரம் தட்டினான். டொக், டொக். பிறகு கால்களை ஒட்டிவைத்து, இடுப்பை மடித்துக் குனிந்து, முதுகு காட்டாமல் இரண்டடி பின்னால் நடந்து சுவரோரம் போய் நின்றான். அவனுக்கு அடுத்து வந்த பெண்ணும் அப்படியே செய்தாள். டொக், டொக். அவளுக்குப் பின்னால் இன்னும் இருபது பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். எல்லாரும் கறுப்பு உடுப்பு. எல்லாரும் வெறுங்கால். மார்ச் மாதத்துச் சேறு அப்பிய சப்பாத்துகளை ஃபியூனரல் ஹோம் வாசலில் கழற்றி அடுக்கிவிட்டு வந்திருந்தார்கள்.

பெட்டிக்குள் சூசைதாசன் சாம்பல் நிறக் கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்து படுத்திருந்தார். ஐம்பத்தொன்பது வயது. மூளையில் வந்த கட்டி எட்டு மாதத்தில் ஆளைக் கொண்டுபோயிருந்தது. அவருடைய கறுப்புப் பட்டியை இடுப்பில் கட்டவேண்டும் என்று அவரிடம் தற்காப்புக் கலை படித்த மாணவர்கள் கேட்டார்கள். செபமாலையைத் தவிர வேறொன்றும் அவனோடு போகக்கூடாது என்று அவருடைய அக்கா றீற்றா சொன்னாள். கடைசியில் செபமாலை கையிலும், பட்டி மடித்துக் கால்மாட்டிலும் வைக்கப்பட்டன. மனைவி அன்ரனெற்றை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் எதற்கும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

தட்டுவதற்கு முன்னால் கஜீவன் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசியிருந்தான். பதினான்கு வயதில் சூசைதாசனிடம் படிக்க வந்தவன். இப்போது முப்பத்தைந்தாகிறது. வீடுகளுக்கு ஹீற்றர் பூட்டும் வேலை.

"எங்கட கிளாஸில ஒரேயொரு ரூல்தான். ஒருத்தர் பிடிக்கேக்க மற்றவருக்கு நொந்தா, ரெண்டு தரம் தட்டோணும். நிலத்தில தட்டலாம், தன்ர காலில தட்டலாம், எங்கயெண்டாலும் சரி. தட்டினா அந்தச் செக்கனே விட்டிட வேணும். மாஸ்ரர் ஒரு நாளும் ஒரு செக்கன் பிந்தி விட்டதில்லை. ஒருத்தற்ற கையும் முறிஞ்சதில்லை. ஒருத்தருக்கும் ஒரு கண்டல் காயம் வந்ததில்லை. இவ்வளவு காலமும் நாங்கள் தட்ட அவர் எங்களை விட்டவர். இண்டைக்கு நாங்கள் தட்டி அவரை விடுறம்."

பின்வரிசைகளில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்ரனெற் கறுப்புச் சேலையின் மடியில் கைகளை வைத்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிலர் விரல் முட்டியால் தட்டினார்கள், சிலர் உள்ளங்கையால். பக்கத்தில் இருந்த றீற்றாவின் தோள் ஒவ்வொரு தட்டுக்கும் சின்னதாகத் துள்ளியது. செபமாலை மணி ஒன்றில் அவள் விரல் நின்றுபோயிருந்தது. அதைத் தாண்டி அடுத்ததற்குப் போகவில்லை.

சூசைதாசன் குருநகரில் இருந்து இந்தக் குளிர் தேசத்துக்குத் தொண்ணூறாம் ஆண்டு வந்தவர். வந்த புதிதில் நகரத்துக்குள் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். ஒரு மாசி மாதம் பஸ் தரிப்பில் இரண்டு பேர் அவருடைய ஜக்கெற்றுக்காக அவரை அடித்து மூக்கை உடைத்துவிட்டுப் போனார்கள். அந்த வசந்தத்திலேயே வார்டன் வீதிப் பக்கம் பழைய களஞ்சியம் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரன் ஜப்பான்காரரின் தற்காப்புக் கலை படிப்பிப்பதைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தார். நிஞ்சா என்று சொன்னதும் கூட இருந்த பெடியங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முகமூடி எங்கே, வாள் எங்கே, புகைக்குண்டு எங்கே என்றார்கள். அவர் கோபிக்கவில்லை. "வாளைப் பறிச்சாப் பிறகு அவன் என்ன செய்வான் எண்டதுதான் இது," என்றார். "கையில ஒண்டும் இல்லாதவன்ர வேலை."

தாய்ஜுட்சு என்று அதற்குப் பெயர். பலத்துக்கு எதிரே பலத்தை வைக்கக்கூடாது. வருகிறவனுக்கு வழி விட்டு அரையடி விலகவேண்டும். விலகும்போது அவனிடமிருந்து சின்னதாக ஒன்றை எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரு விரல், ஒரு மணிக்கட்டு, ஒரு முழங்கை. அதை அது போக விரும்பாத பக்கத்துக்குக் கொஞ்சம் திருப்பினால் போதும். மீதி ஆள் தானாகவே நிலத்துக்கு வந்துவிடுவான். அடி இல்லை, இரத்தம் இல்லை, தழும்பு இல்லை. பத்து வருடத்தில் சூசைதாசன் கறுப்புப் பட்டி வாங்கினார். மிட்லண்ட் வீதியில், ஒரு சலூனுக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் படிப்பிக்கத் தொடங்கினார். புதன் பின்னேரம், சனி காலை. மற்ற நாட்களில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மெஷின் வேலை.

அன்ரனெற் நாவாந்துறையில் இருந்து அவரைக் கலியாணம் செய்ய வந்தபோது அவளுக்கு இருபத்துநான்கு வயது. டோர்செட் பார்க்கில், ஒன்பதாம் மாடியில், இரண்டு அறை அப்பார்ட்மென்ற். ஒரு அறையில் இவர்கள். மற்றதில் விதவையான றீற்றாவும் அவளுடைய மகனும். கலியாணம் முடிந்து நான்காம் நாள் அன்ரனெற் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். சூசைதாசன் வந்து பின்னால் நின்றார்.

"கையைத் தாரும்."

அவள் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு, வெங்காயம் மணக்கும் கையை நீட்டினாள். அடுத்த நொடி அவள் முழங்காலில் நின்றாள். என்ன நடந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. கையில் இருந்து தோள் வரைக்கும் ஒரு வெள்ளை நெருப்பு ஓடியது. அவருடைய முகம் மேலே வெகு தூரத்தில், அமைதியாக இருந்தது.

"நோகுதெண்டா தட்டும். ரெண்டு தரம். உடன விட்டிடுவன்."

அவள் தட்டினாள். அவர் உடனே விட்டார். பிறகு தோளைப் பிடித்து எழுப்பி, மணிக்கட்டைத் தன் பெருவிரலால் நீவிவிட்டார். "பாத்தீரே? ஒண்டுமில்லை. விட்டாப் பிறகு நோவே இருக்காது," என்றார். அது உண்மைதான். நோ இருக்கவில்லை. முன்னறையில் றீற்றா பார்த்துக்கொண்டிருந்த ரீவீயின் சத்தம் கொஞ்சம் கூடியது.

அப்படித்தான் தொடங்கியது. சோறு குழைந்துபோன அன்று பெருவிரல். பாரிஸில் இருந்த தங்கையோடு கூடநேரம் தொலைபேசியில் கதைத்த அன்று முழங்கை. பேக்கரியில் பாண் பொதி செய்யும் வேலைக்குப் போகத் தொடங்கிய முதல் கிழமை ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டுப் பிந்தி வந்தபோது, கையை முதுகுக்குப் பின்னால் மடித்துத் தோளைத் திருப்பும் பிடி. அதற்கு ஜப்பான் மொழியில் பேயை நொறுக்குவது என்று பெயராம், அவர் சொல்லிக்கொண்டே செய்தார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. ஒருநாளும் மரியாதை குறைந்து கதைத்ததில்லை. கையைத் தாரும். அவள் கொடுப்பாள். சில நாட்களில் அவர் வாய் திறக்கமுன்னமே, கதவைத் திறந்து வரும்போது அவருடைய மூச்சைக் கேட்டே, அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினாள். சுணங்கினால் கூடநேரம் எடுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கீழ் வீட்டுக்காரர்கள் ஒருமுறை முறைப்பாடு செய்தார்கள். தினமும் பின்னேரத்தில் நிலத்தில் யாரோ இரண்டிரண்டு தரம் தட்டுகிறார்கள் என்று. சூசைதாசன் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த நாளே குசினிக்கு ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார்.

கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது ஒருநாள் அவள் அழுதுவிட்டாள். "புருஷன் அடிக்கிறவரோ?" என்று ஃபாதர் மெல்லிய குரலில் கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். "இல்லை ஃபாதர்," என்றாள். பொய் சொல்ல அவளுக்குப் பயம். வேறென்ன சொல்லுவது என்றும் தெரியவில்லை. குடும்ப டொக்டர் தோள் மூட்டைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பாண் பெட்டிகளைத் தூக்குவதைக் குறைக்கச் சொன்னார்.

பிள்ளைகள் பிறக்கவில்லை. றீற்றா மூன்று வருடத்தில் மகனோடு பிக்கரிங்குக்கு வீடு மாறிப் போனாள். போகும்போது அன்ரனெற்றின் கையைப் பிடித்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, "அவன் சின்னனிலயே அப்பிடித்தான்," என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை வகுப்பில் ஆள் ஒற்றைப்பட்டால் சூசைதாசன் அவளைக் கூப்பிடுவார். விரிப்பின் நடுவே மாணவர்களின் முன்னால் அவளை நிறுத்தி, ஒவ்வொரு பிடியையும் அவளில் செய்து காட்டுவார். அங்கே அவருடைய கை பஞ்சு மாதிரி இருக்கும். அவள் விழுவாள். தோளில் இருந்து எதிர்ப்பக்க இடுப்புக்கு உருண்டு, சத்தமில்லாமல் எழும்பி நிற்பாள். அந்த விழுகை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. உடம்பு ஒரு கணம் எவருடையதும் இல்லாமல் காற்றில் போய், திரும்பித் தன்னிடமே வந்து சேரும். "அன்ரி விழுறது தண்ணி ஊத்தின மாதிரி," என்று கஜீவன் ஒருநாள் சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள். சூசைதாசனும் தட்டினார். அன்று பின்னேரம் வீட்டில் அவர் சின்னவிரலைப் பிடித்தார். ஏன் என்று சொல்லவில்லை. இப்படியே இருபத்தாறு வருடம் போனது.

போன ஆனி மாதத்தில் அவருடைய வலது கை கோப்பையைப் பிடிக்க மறந்தது. பிறகு வலது கால். ஐப்பசியில் பேச்சு. வெட்டி எடுக்க முடியாத இடம் என்றார்கள். முன்னறையில் சோபாவை நகர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். காலையில் இரண்டு மணித்தியாலம் பராமரிப்புக்கு ஒரு ஜமேக்காக்காரி வந்துபோவாள். கிழமையில் மூன்று நாள் நேர்ஸ். மீதி நேரம் முழுக்க அன்ரனெற். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க அவளுக்கு ஆள் துணை தேவைப்படவில்லை. இடுப்பில் ஒரு கை, தோளில் ஒரு கை, தன் பாரத்தைப் பின்னங்காலுக்கு மாற்றினால் எழுபத்தைந்து கிலோ உடம்பு தானாக உருளும். எங்கே பழகினாய் என்று ஜமேக்காக்காரி வியந்து கேட்டாள்.

இடது கை மட்டும் அவரிடம் மிச்சமிருந்தது. ஒருநாள் கஞ்சி பருக்கும்போது அந்தக் கை வந்து அவளுடைய சின்னவிரலைப் பிடித்துப் பின்னால் மடித்தது. கரண்டி விழுந்தது. கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அதே அமைதியான கண்கள்.

தட்டுவதற்காக அவளுடைய மற்றக் கை எழும்பியது. எழும்பிய கை நடுவழியில் நின்றது. இடுப்பு அரையடி விலகியது, முழங்கை உள்ளே மடிந்தது, விரல் எண்ணெய் பூசினாற்போல வழுக்கி வெளியே வந்தது. அவள் நினைத்துச் செய்யவில்லை. ஆயிரம் தரம் அந்தப் பிடிக்குள் இருந்த உடம்புக்கு வெளியே போகும் வாசல் எது என்று எப்போதோ தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியாது. இப்போது அவருடைய மணிக்கட்டு அவளுடைய கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு, அது போக விரும்பாத பக்கத்துக்குக் கொஞ்சம் திருப்பினாள்.

அவருடைய வாய் கோணலாகத் திறந்தது. சத்தம் வரவில்லை. அவளுடைய பிடிக்குள் இருந்தபடியே அவருடைய விரல்கள் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தேடின. டொக், டொக்.

உடனே விட்டாள். மணிக்கட்டைப் பெருவிரலால் நீவிவிட்டாள். கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்து மீதிக் கஞ்சியைப் பருக்கினாள்.

அடுத்த நாளும் செய்தாள். ஜமேக்காக்காரி கதவைச் சாத்திவிட்டுப் போனதும், லிஃப்ற் வந்து போகும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கட்டிலருகே வந்து நின்று, "கையைத் தாங்கோ," என்பாள். ஒரு நாளைக்கு ஒரு தரம். மனதில் ஆத்திரம் இருக்கவில்லை, சந்தோஷமும் இருக்கவில்லை. மருந்து கொடுப்பது, துணி மாற்றுவது, வாய் துடைப்பது மாதிரி அதுவும் ஒரு வேலை. நேர்ஸ் வந்து தோலெல்லாம் தடவிப் பார்த்தாள். படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லை, நீ தங்கமாய்ப் பார்க்கிறாய் என்றாள். தை மாதம் அளவில், லிஃப்ற்றின் சத்தம் கேட்டதும், அவள் கேட்கமுன்னமே சூசைதாசன் இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து நீட்டத் தொடங்கினார். முதல் நாள் அதைக் கண்டபோது அவள் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

அவர் செத்தது வியாழக்கிழமை. அதற்கு முதல் நாள் பின்னேரம் வந்த நேர்ஸ், இனி நாள் கணக்குத்தான் என்று சொல்லியிருந்தாள். நோவுக்கான மருந்தை ஆறு சின்னச் சிறிஞ்சுகளில் நிரப்பி, நீல மூடி போட்டு, பிளாஸ்டிக் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். மேற்கையில் ஏற்கெனவே தோலுக்கடியில் பொருத்திய குழாய் இருந்தது. ஊசி குத்தத் தேவையில்லை. மூடியைக் கழற்றி அந்தக் குழாயில் பூட்டித் தள்ளினால் போதும். அவரால் வாய்விட்டுக் கேட்க முடியாது, முகத்தைப் பார், நெற்றி சுருங்கினால் ஒன்று ஏற்று, யோசித்துக்கொண்டு நிற்காதே என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். அன்ரனெற் தலையாட்டினாள்.

காலை எட்டு மணிக்கு, ஜன்னலடியில் நின்று துவாய் மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டது. டொக், டொக்.

திரும்பிப் பார்த்தாள். சூசைதாசனின் இடது கை கட்டில் கம்பியில் கிடந்தது. நெற்றி முழுக்கச் சுருங்கி, நரம்பு எழும்பி, உதடு பல்லை விட்டு விலகியிருந்தது. இரண்டு விரல்கள் எழும்பி விழுந்தன. டொக், டொக்.

அவள் கட்டிலருகே வந்தாள். அவர் மருந்துத் தட்டைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். அவரிடம் மிச்சமிருந்த ஒரேயொரு சொல் அது. அவளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் சொல்லும் அதுதான்.

அன்ரனெற் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தூக்கி, உள்ளங்கை தெரிய அவருக்குக் காட்டினாள்.

"நான் பிடிக்கேல்லையே," என்றாள். "பாருங்கோ. நான் ஒண்டையும் பிடிக்கேல்லை."

டொக், டொக்.

கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். தட்டில் ஆறு நீல மூடிகளும் வெளிச்சத்தில் இருந்தன. கை நீட்டினால் எட்டும். ஒருமுறை எழும்பினாள். எழும்பி, அவருடைய கால்மாட்டில் விலகியிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தாள். அவருடைய கண்ணில் இருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. துடைத்துவிட்டாள். எல்லாம் செய்தாள். அதை மட்டும் செய்யவில்லை.

பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. பிக்கரிங்கில் இருந்து றீற்றா. தினமும் அந்த நேரத்துக்கு எடுப்பாள்.

"என்ன மாதிரி இருக்கிறான்?"

"இருக்கிறார் மச்சாள்."

"ஏதும் குடிச்சவனே?"

"இல்லை."

டொக், டொக்.

"என்ன சத்தம் உது?" என்று றீற்றா கேட்டாள்.

"கீழ் வீட்டில ஏதோ வேலை நடக்குது."

றீற்றாவின் பக்கத்தில் ரீவீ ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் இன்னொரு தரம் கேட்டது. அதற்குப் பிறகும் ஒரு தரம். அந்தப் பக்கத்து ரீவீயின் சத்தம் கூடியது போல இருந்தது.

"சரி," என்றாள் றீற்றா. "நான் மத்தியானத்துக்குப் பிறகு வாறன்."

பதினொரு மணிக்குப் பிறகு தட்டுகளுக்கு இடையே நேரம் நீண்டது. அன்ரனெற் தன்னையறியாமல் காத்துக்கொண்டிருக்கத் தொடங்கினாள். ஒன்று முடிந்து அடுத்தது வரும்வரை அவளாலும் மூச்சு விட முடியவில்லை. மூச்சு அவருடைய தொண்டையில் ஈரத்துணியைப் பிழிவது மாதிரிக் கேட்டது. பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது விரல் எழும்பி ஒரு தரம் கம்பியில் விழுந்தது. அவள் இரண்டாவதற்குக் காத்திருந்தாள். வரவில்லை.

இன்னும் கொஞ்சநேரம் இருந்துவிட்டு எழும்பி, கம்பியில் இருந்த கையை எடுத்து நெஞ்சில் வைத்தாள். கண்களை மூடிவிட்டாள். மடிக்காமல் விட்டிருந்த இரண்டு துவாய்களையும் மடித்துவைத்துவிட்டு நேர்ஸுக்கு எடுத்தாள்.

நேர்ஸ் வந்து, எழுதவேண்டியதை எழுதி, தட்டைப் பார்த்தாள். ஆறும் அப்படியே இருந்தன. அவருக்கு நோவே வரவில்லையா என்று கேட்டாள். அவர் சத்தமே போடவில்லை என்றாள் அன்ரனெற். நேர்ஸ் ஆறு சிறிஞ்சுகளையும் ஒரு பைக்குள் போட்டு ஒட்டிவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தாள். எல்லாருக்கும் இப்படி அமைதியான சாவு கிடைக்காது, வீட்டில் பார்க்கும் ஆளைப் பொறுத்தது அது என்றாள்.

ஃபியூனரல் ஹோமில் பார்வை நேரம் ஐந்து மணியோடு முடிந்தது. மாணவர்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, "மனத்தைத் தேற்றிக்கொள்ளும்," என்று சொல்லிப் போனார்கள். மண்டபத்தில் பூக்களின் மணமும் இரண்டு பெண்களும் மிஞ்சினார்கள். றீற்றா கோட்டை விரித்துப் பிடிக்க, அன்ரனெற் அதற்குள் கையை நுழைத்தாள். தோள் மூட்டு முழுவதாகப் பின்னால் போகாது. றீற்றா அதற்கேற்ற மாதிரிக் கோட்டைத் தாழ்த்திப் பிடித்தாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பின்னால் நின்று கோட்டின் கொலரைச் சரிசெய்தபடி, முகத்தைக் காட்டாமல் கேட்டாள்.

"கீழ் வீட்டில வேலை முடிஞ்சுதோ?"

அன்ரனெற் பொத்தான்களைப் பூட்டினாள். மேலிருந்து கீழ்வரை நான்கு பொத்தான்.

"ஓம் மச்சாள். முடிஞ்சுது."

றீற்றாவின் கை கொஞ்சநேரம் அவளுடைய கழுத்தடியிலேயே இருந்தது. பிறகு எடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை பூசை முடிந்து சேமக்காலைக்குப் போனார்கள். இரவு முழுக்க உறைந்து கிடந்த நிலம் வெயிலில் இளகிக்கொண்டிருந்தது. குழியைச் சுற்றிப் பச்சைக் கம்பளம் விரித்திருந்தார்கள். அதை மிதித்தால் அடியில் இருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அன்ரனெற்றும் போட்டாள். அவள் அழவில்லை. அதைப் பற்றி யாரோ பின்னால் மெல்லிய குரலில் கதைத்தார்கள்.

கஜீவன் அவளிடம் வந்தான். அழுது அழுது அவன் கண் வீங்கியிருந்தது.

"அன்ரி, சனிக்கிழமை கிளாஸை நாங்கள் நிப்பாட்ட மாட்டம். நீங்களும் வரோணும். மாஸ்ரர் எல்லாத்தையும் உங்களிலதானே செய்து காட்டினவர். சீரியஸ்லி, எங்கள் எல்லாரையும் விட உங்களுக்குத்தான் கூடத் தெரியும். அவற்ற கை பட்ட ஆள் நீங்கள்."

சொல்லிக்கொண்டே அவளுடைய வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்தான். நல்ல பெடியன். அன்பு மிகுதியில் அந்தக் கையைத் தன் நெஞ்சுப் பக்கமாக இழுத்தபோது மணிக்கட்டு கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியது. அவ்வளவுதான்.

அன்ரனெற்றின் முழங்கால்கள் மடிந்தன. அவளுக்கு நோகவில்லை. கஜீவன் பஞ்சுமாதிரித்தான் பிடித்திருந்தான். ஆனால் உடம்பு அவளைக் கேட்கவில்லை. கம்பளத்தின் விளிம்பைத் தாண்டிச் சேற்றில் இரண்டு முழங்காலும் புதைய இறங்கியது. தலை குனிந்து, மறுகை நிலத்தில் ஊன்றியிருந்தது.

"ஐயோ, பாவம்," என்றார்கள் பெண்கள். "எப்பிடி ஒற்றுமையா இருந்ததுகள்."

"இப்பதான் உடையிறா. அழட்டும், விடுங்கோ, அழட்டும்."

கஜீவன் பதறிப்போய், "அன்ரி, எழும்புங்கோ அன்ரி," என்று கையை மேலே இழுத்தான். இழுக்க இழுக்க அவள் இன்னும் தாழ்ந்தாள். நெற்றி சேலை மடியைத் தொட்டது. அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான். அவனுக்குத் தெரிந்த உலகத்தில், நொந்தால் ஆள் தட்டும். அவள் தட்டவில்லை.

குழிக்கு மற்றப் பக்கத்தில் இருந்து றீற்றா வந்தாள். அறுபத்தெட்டு வயது, ஊன்றுகோல். சனத்தைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்து கஜீவனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"தம்பி, கையை விடும்."

"இல்லை அன்ரி, நான் தூக்கி…"

"முதல்ல அவளின்ர கையை விடும்!"

அது அவ்வளவு பெரிய சத்தமாக வருமென்று றீற்றாவே நினைத்திருக்கமாட்டாள். புத்தகத்தை மூடிக்கொண்டிருந்த ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார். கஜீவன் சுட்டதுபோலக் கையை விட்டான். விட்ட கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். அன்ரனெற் கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள். பிறகு ஒரு காலை முன்னால் வைத்து, எவருடைய கையையும் பிடிக்காமல், சத்தமில்லாமல் எழும்பி நின்றாள்.

இரண்டு பேரும் காருக்கு நடந்தார்கள். றீற்றா கதவைத் திறந்து, அவளைச் சீற்றில் பக்கவாட்டாக, கால்கள் வெளியே இருக்கும்படி உட்காரவைத்தாள். ஊன்றுகோலைக் காரில் சாய்த்துவைத்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மெல்ல மெல்ல நிலத்தில் குந்தினாள். கைப்பையில் இருந்து ரிசுத் தாள் எடுத்து அன்ரனெற்றின் முழங்காலில் அப்பியிருந்த சேற்றைத் துடைக்கத் தொடங்கினாள்.

"விடுங்கோ மச்சாள். வீட்டை போய்க் கழுவலாம்."

றீற்றா விடவில்லை. ரிசு ஈரத்தில் கிழிந்து, வெள்ளை வெள்ளைத் துண்டுகளாகக் கறுப்புச் சேலையில் ஒட்டியது. அவள் இன்னொன்று எடுத்தாள்.

மரங்களுக்குப் பின்னால் மண் தள்ளும் மஞ்சள் இயந்திரம் ஒன்று நின்றது. அதற்குள் இருந்தவன், சனம் கலையும்வரை காத்துக்கொண்டு, மடியில் தாளை விரித்துவைத்துச் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்ரனெற் றீற்றாவின் நரைத்த தலைக்கு மேலாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வாயைச் சாப்பிட்டு முடித்து, தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, அவன் இயந்திரத்தை இயக்கினான். றீற்றா மூன்றாவது ரிசுவை எடுத்தாள்.